கிழக்கு பார்த்த நடைபாதைக்கு எந்த மவுண்ட்?

கேள்வி: எனக்கு 44 வயது. தாதியாகப் பணிபுரிகிறேன், வாரத்தில் பாதி இரவுகள் மருத்துவமனையில் கழியும். சிங்கப்பூர் உட்லண்ட்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். வாசல் நடைபாதை கிழக்கு பார்த்தது. தம்பி வேலை மாறி மெல்பர்ன் போனபோது தன்னுடைய 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியை என்னிடம் விட்டுப்போனான். குவியத் தூரம் 400 மில்லிமீட்டர். குழாய் மட்டும்தான், அதை நிறுத்தித் திருப்பும் தாங்கி, அதாவது மவுண்ட், இல்லை. சென்ற ஆண்டு ஒரு தோழி தன் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகம் கணினித் திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருவதைக் காட்டினாள். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. கடைக்காரர், "பிற்பாடு படம் எடுக்க ஆசை வரும், இப்போதே ஈக்வடோரியல் மவுண்ட் வாங்கிவிடுங்கள்" என்கிறார். எடைக்கற்களோடு அது இருபது கிலோவைத் தாண்டுகிறது. கணவரோ, எல்லாம் ஒன்றாக அமைந்த ஸ்மார்ட் தொலைநோக்கி போதாதா என்கிறார். கேமராவையும் சேர்த்து 2,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு 74 வயது. குனிந்து கண்வில்லையில் பார்க்க அவரால் முடியாது. அவருக்கும் காட்ட வேண்டும். எதை வாங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் காட்டியதை வாங்க வேண்டாம். ஐந்து கிலோ தாங்கும், வைஃபை உள்ள, கேட்ட பொருளைத் தானே தேடித் திரும்பும் சிறிய ஆல்ட்-அசிமுத் மவுண்ட் ஒன்று போதும். ஸ்கை-வாட்சரின் ஏஇசட்-ஜிடிஐ அந்த வகை. ஐஆப்ட்ரானின் ஸ்கைஹன்ட்டரும் அதே எடைப் பிரிவுதான். மேலும் கீழும் ஒரு மோட்டார், இடமும் வலமும் ஒரு மோட்டார், அவ்வளவே.

சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் புதியவர் என்பதற்காகவும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்தான் காரணம். இதே கேள்வியை உங்கள் தம்பி மெல்பர்னிலிருந்து கேட்டிருந்தால் ஒருவேளை கடைக்காரர் பக்கம் சாய்ந்திருப்பேன்.

தொலைநோக்கிகளைப் பழுதுபார்ப்பதும் பள்ளிகளுக்குப் பொருத்திக் கொடுப்பதும் என் தொழில். என் மேசைக்கு வரும் ஈக்வடோரியல் மவுண்டுகளில் பல உண்மையில் பழுதானவையே அல்ல. "வாங்கியதிலிருந்தே சரியாக இயங்கவில்லை" என்ற புகாரோடு வரும். பிரித்துப் பார்த்தால் பற்சக்கரங்கள் நலம், மோட்டார் நலம். அட்சரேகைத் திருகு மட்டும் வளைந்திருக்கும்.

ஏன் வளைகிறது? பூமி சுற்றுவதால்தான் விண்மீன்கள் நகர்வதாகத் தெரிகின்றன, மணிக்கு 15 டிகிரி. ஈக்வடோரியல் மவுண்டின் சாமர்த்தியம், தன் அச்சுகளில் ஒன்றைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்வது. அப்படிச் சாய்த்துவிட்டால் ஒரே மோட்டார் ஒரே வேகத்தில் சுழன்றால் போதும், விண்மீன் நகராமல் நிற்கும். எவ்வளவு சாய்ப்பது? ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் 51 டிகிரி. சென்னையில் 13. நமக்கு ஏறக்குறைய 1.3. அதாவது அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்க வேண்டும். இந்தக் கருவிகளை வடிவமைப்பவர்களின் மனத்தில் இருப்பவர்கள் 30 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையில் வாழ்பவர்கள். பல மவுண்டுகளின் சாய்வு அளவுகோல் ஐந்திலோ பத்திலோதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறக்க நினைப்பவர் திருகை முறுக்குகிறார்; இருபது கிலோ சுமையைத் தாங்கியபடி அது வளைகிறது. இறங்கிய பிறகும் நிம்மதி கிடையாது. எடைக்கல் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். சுமை முழுவதும் ஒரு பக்கமாக வெளியே தள்ளி நிற்பதால் முக்காலி கவிழப் பார்க்கும்.

அச்சைச் சரியான திசையில் நிறுத்த உதவுவது துருவ நட்சத்திரம். திருமணத்தில் மணமக்களுக்கு அருந்ததியையும் துருவனையும் காட்டுவது நம் வழக்கம். சிராங்கூன் சாலைத் திருமண மண்டபத்தில் பட்டப்பகலில் ஐயர் கூரையைச் சுட்ட, மணமக்களும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். நள்ளிரவில் வெளியே அழைத்துவந்து காட்டினாலும் நிலைமை ஒன்றுதான். இங்கே துருவன் அடிவானத்தில் ஒட்டிக் கிடக்கிறான். ஜொகூர்ப் பக்கத்து வெளிச்சமும் எதிர் புளோக்கும் அவனை மறைத்துவிடும். தென்துருவமோ அடிவானத்துக்கும் கீழே. துருவனே இல்லாமல், வானத்தின் எந்தப் பகுதியைப் படமெடுத்தும் அச்சைச் சரிசெய்ய இப்போது மென்பொருள்கள் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இரவுப் பணி முடித்துக் களைத்து வந்தவர், கிடைத்த ஒரே தெளிந்த இரவின் முதல் முக்கால் மணி நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். மேகம் அதுவரை காத்திருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு மூன்று நடையாகச் சுமந்து போவேன். முதல் நடையில் முக்காலி, இரண்டாம் நடையில் மவுண்ட், மூன்றாவதில் எடைக்கற்களும் குழாயும். மூன்றாம் நடையில் மின்தூக்கி திறக்கும்போது முகத்தில் தூறல் விழும். அந்த ஆண்டு முழுவதும் நான்கே முறைதான் பயன்படுத்தினேன். நான்காம் முறை மனைவி குடையோடு வந்து அழைத்துப்போனார்.

சரி, அந்தப் பாடு உங்களுக்குத் தேவைதானா என்று பார்ப்போம். நீங்கள் செய்ய நினைப்பதை ஆங்கில முதலெழுத்துகளில் ஈஏஏ என்கிறார்கள்: மின்னணு உதவியுடன் வானம் பார்ப்பது. கேமரா சில விநாடிகளுக்கு ஒரு படம் எடுக்கிறது. மென்பொருள் அதை முந்தைய படத்தின் மேல் விண்மீனுக்கு விண்மீன் பொருத்தி அடுக்குகிறது. நான்கு மடங்கு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் பாதியாகும். 64 படங்கள் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு. உங்கள் தோழியின் திரையில் நெபுலா கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது இப்படித்தான். பிரமிப்பூட்டும் ஒரே படத்துக்காக ஐந்து நிமிடம் திறந்து வைக்கும் பழைய முறை இதில் இல்லை. எட்டு விநாடி நேராகப் பிடித்தால் போதும், மவுண்டின் கடமை முடிந்தது. அடுத்த எட்டு விநாடி புதுக்கணக்கு. இடையில் ஒரு படம் கோடாக இழுபட்டால் மென்பொருளே அதைத் தள்ளிவிடும்.

எட்டு விநாடியில் என்ன கிடைத்துவிடும் என்று கடைக்காரர் சிரிக்கக்கூடும். இருண்ட மலைக்காட்டில் அது நியாயமான சிரிப்பு. இங்கே இல்லை. 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம், ஆக அதிகமாக ஒளி மாசுபட்ட நாடு சிங்கப்பூர் என்றது; கண் முழுவதுமாக இருளுக்குப் பழகவே முடியாத வானத்தின் கீழ் இந்நாட்டு மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்றும் சொன்னது. இதில் நமக்கு ஒரு விசித்திரமான சலுகை ஒளிந்திருக்கிறது. நீண்ட நேரம் திறந்து வைப்பதன் பயன், கேமரா தானே உண்டாக்கும் இரைச்சலைவிட வானத்திலிருந்து வரும் ஒளி மிகுந்து நிற்பதுதான். இன்றைய நல்ல கேமராக்களில் அந்த இரைச்சல் மிகக் குறைவு. நம் வானமோ மிக வெளிச்சம். சில விநாடிகளிலேயே வானம் கேமராவின் இரைச்சலை மூழ்கடித்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு படத்தையும் நீட்டுவதால் தெருவிளக்கு ஒளிதான் கூடும். எட்டு விநாடிப் படம் அறுபதும், இரண்டு நிமிடப் படம் நான்கும் மொத்தத்தில் ஒரே எட்டு நிமிடம். இந்த வானத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காண மாட்டீர்கள்.

ஆல்ட்-அசிமுத் மவுண்டின் குறையை மறைக்க மாட்டேன். விண்மீனைப் பின்தொடரும்போது அது படத்தின் நடுவைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வானம் அந்த நடுவைச் சுற்றி மெல்லத் திரும்பும். சட்டத்துக்குள் படம் சுழலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடோரியல் வாங்கச் சொல்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. எல்லா ஊருக்கும் எல்லாத் திசைக்கும் ஒரே அளவு என்பதுபோல் சொல்வார்கள். உண்மை வேறு.

பூமத்திய ரேகையில் இந்தச் சுழற்சி திசையைப் பொறுத்து அடியோடு மாறுகிறது. நம் ஊரில் விண்மீன்கள் கிழக்கில் செங்குத்தாக எழுகின்றன, உச்சிக்குப் போகின்றன, மேற்கில் செங்குத்தாக இறங்குகின்றன. சரியாகக் கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும் பொருளுக்குச் சுழற்சி பூஜ்யம். கிணற்றில் வாளி ஏறுவதுபோல நேராக மேலே போகும்; மேலும் கீழும் ஆடும் மோட்டார் ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். வடக்கிலும் தெற்கிலும் கதை மாறும். ஜூன் நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் ஒமேகா சென்டாரி என்ற பெரிய விண்மீன் கொத்து தெற்கில் 41 டிகிரி உயரத்தில் நிற்கும். அங்கே சுழற்சி மணிக்கு 20 டிகிரி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. பத்து விநாடிப் படத்தில் அது எவ்வளவு? ஐஎம்எக்ஸ்585 என்ற ஒளியுணர் சில்லு உள்ள கேமரா என்றால் சட்டத்தின் ஓர மூலையில் இரண்டு பிக்சல். முப்பது விநாடி திறந்தால்தான் ஆறு பிக்சலைத் தாண்டிக் கண்ணை உறுத்தும். ஒரு மணி நேரம் தொடர்ந்து அடுக்கினால் மூலைகள் வெட்டுப்படும். நடுவில் உங்கள் பொருள் அப்படியே இருக்கும்.

உண்மையான வில்லங்கம் உச்சி வானத்தில் இருக்கிறது. ஈக்வடோரியலுக்குத் தலைவலி கொடுப்பது துருவத்தை ஒட்டிய வானம். அது நம் ஊரில் தரையோடு கிடப்பதால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆல்ட்-அசிமுத்துக்குத் தலைவலி தலைக்கு நேர் மேலே உள்ள வானம். அந்த வழியாகத்தான், போகட்டும் என்று விட முடியாத ஓரியன் போகிறது. உச்சம் தொடும்போது ஓரியன் நெபுலா 83 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது படம் மணிக்கு 120 டிகிரிக்கும் மேலான வேகத்தில் சுழலும். பத்தே விநாடியில் மூலை விண்மீன் பதினான்கு பிக்சல் நகர்ந்து வளைகோடாகிவிடும். கிடைமட்ட மோட்டாரும் பதறி ஓடும். இதற்கு மருந்து காசு அல்ல, கடிகாரம். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொடருங்கள். அந்த ஒரு மணி நேர விலகலிலேயே சுழற்சி மணிக்கு 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் விலகினால் ஆறரை டிகிரிதான். ஒன்று கவனியுங்கள்: மழை சற்று ஓயும் பிப்ரவரி நடுவில், ஒன்பது மணிக்கு ஓரியன் சரியாகத் தலைக்கு மேல் இருக்கும். "புது மவுண்ட் வாங்கினேன், படம் கலங்குகிறது" என்று எனக்கு அழைப்புகள் வருவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

இப்போது உங்கள் நடைபாதைக்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல இடம். கிழக்கு பார்த்தது. எதிர் புளோக்கின் கூரை 25 டிகிரி வரை மறைக்கிறது என்றும், உங்கள் தலைக்கு மேலுள்ள பத்தாம் மாடித் தளம் 60 டிகிரிக்கு மேல் மறைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 35 டிகிரி. வானத்தின் நடுப்பட்டையில் செல்லும் ஒரு பொருள் அந்த இடைவெளியைக் கடக்க இரண்டு மணி இருபது நிமிடம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் சுழற்சி மிகக் குறைவு. வில்லங்கம் பிடித்த உச்சி வானத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே கான்கிரீட் போட்டு மூடி வைத்திருக்கிறது! கருவிக்கும் இடத்துக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அரிது. ஈக்வடோரியலை அந்த நடைபாதையில் வைத்தால் வடக்கும் தெற்கும் சுவர். அச்சைச் சரிபார்க்கவே திண்டாடுவீர்கள்.

இடம் பற்றி இன்னும் கொஞ்சம். கைப்பிடிச் சுவர் மறைக்கிறதே என்று முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டாதீர்கள். நீட்டிய கால்கள் நடுங்கும். சுவருக்குச் சற்றுக் கீழேயே குழாய் இருக்கட்டும், சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வையுங்கள். குழாய் சுவரின் விளிம்பைவிட இருபது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், மறைவது அடியிலுள்ள 22 டிகிரி மட்டுமே. அதை எதிர் புளோக் எப்படியும் மறைக்கிறது. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. உங்கள் நடைபாதை அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். போதாவிட்டால் வாசலுக்குள் பின்வாங்கி வையுங்கள், கொஞ்சம் வானம் குறையும், பரவாயில்லை. யாராவது நடந்தால் தரை அதிரும். அந்த ஒரு படம் கெடும், அதுவும் பரவாயில்லை.

இதைவிட முக்கியம் எதிர் புளோக்கில் இருப்பவர்கள். நடைபாதையில் தொலைநோக்கி என்றால் அவர்கள் நினைப்பது ஓரியனை அல்ல. குழாய் மேல்நோக்கித் திரும்பும் வரை மூடியைக் கழற்றாதீர்கள். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டாரை அழைத்து நிலவைக் காட்டிவிடுங்கள். நகர மன்றத்துக்குப் போகும் புகார்களில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

மவுண்டில் எதைப் பார்த்து வாங்குவது? சுமைத் திறன் உங்களுக்குச் சிக்கல் இல்லை. அந்தக் குழாயும் கேமராவும் சேர்ந்து இரண்டு கிலோவை ஒட்டித்தான் வரும், ஐந்து கிலோ மவுண்டில் பாதிகூட இல்லை. எட்டு அங்குல ஷ்மிட்-காசக்ரெய்ன் (ஆடியும் வில்லையும் சேர்ந்த வகை) குழாய் மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல்; பின்னாளில் அதற்கு ஆசைப்பட்டால் மவுண்டையும் மாற்ற வேண்டும். ஏஇசட்-ஜிடிஐ-யில் அச்சுகளின் நிலையை அளக்கும் இரட்டைக் குறிமானிகள் இருப்பதால் இருட்டில் கை பட்டுத் திரும்பினாலும் தான் எங்கே பார்க்கிறது என்பதை மறக்காது. மின்சாரத்துக்கு உள்ளே எட்டுச் சிறு மின்கலங்கள் போடலாம், ஆனால் போடாதீர்கள். வலு குறையும்போது மோட்டார் தடுமாறும். நீங்கள் மவுண்டைச் சபிப்பீர்கள். 12 வோல்ட் வெளியீடு உள்ள மின்கலப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் சாதாரண பவர் பேங்க் உதவாது.

வாங்கும் முன் கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். உங்கள் குழாயை எடுத்துப்போய் மாட்டி, முனையில் ஒரு விரலால் தட்டுங்கள். நடுக்கம் இரண்டு மூன்று விநாடியில் அடங்க வேண்டும். ஐந்து விநாடி ஆடினால் குறை முக்காலியில் இருக்கிறது, வேறு முக்காலி கேளுங்கள். அடுத்து, மெதுவான வேகத்தில் மேலே ஏற்றி உடனே கீழே இறக்குங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் குழாய் அசையாமல் நிற்கும் நேரத்தை எண்ணுங்கள். எல்லா மவுண்டிலும் பற்களுக்கிடையே சிறிது இடைவெளி உண்டு. ஆனால் ஒரே மாடலில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு இருக்கும். பெட்டியில் இருப்பவற்றில் இரண்டை எடுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேரோசல் இணையச் சந்தையில் பழையது வாங்கினாலும் இதே சோதனைதான். விற்பவர் மோட்டாரை ஓட்டிக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் பயன்படுத்தும்போது குழாயின் முன்பக்கம் ஓர் இழை கனமாக இருக்கும்படி மாட்டுங்கள்; பற்கள் ஒரே பக்கம் ஒட்டி நிற்கும், தாவல் குறையும்.

நம் வானத்தில் எண்ணிப் பத்து விண்மீன்தான் தெரியும் என்பதால், விண்மீனைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்து மவுண்டுக்குத் திசை கற்பிப்பது எரிச்சலான வேலை. நடைபாதையிலிருந்து அந்தப் பத்திலும் மூன்று தெரியலாம். அதற்குப் பதிலாக, கேமரா எடுத்த படத்திலுள்ள விண்மீன்களின் அமைப்பை வைத்தே மென்பொருள் இடத்தைக் கண்டுபிடித்து மவுண்டுக்குச் சொல்லட்டும். மடிக்கணினியில் ஷார்ப்கேப்பும், இலவசமாகக் கிடைக்கும் அஸ்டாப்பும் சேர்ந்து இதைச் செய்யும். உங்கள் 400 மில்லிமீட்டர் குழாயில் நான் சொன்ன சில்லு 1.6 டிகிரிக்கு 0.9 டிகிரி வானத்தைக் காட்டும். மூன்று முழு நிலவுகளை வரிசையாக வைக்கும் அகலம். மவுண்ட் குறி தவறினாலும் பொருள் சட்டத்தின் ஓரத்திலாவது வந்து நிற்கும். கேமரா வாங்கும்போது ஆகச் சிறிய சில்லை நோக்கிப் போகாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். உங்கள் குழாய் அக்ரோமாட் வகையாக (நிறப்பிரிவை ஓரளவு மட்டும் சரிசெய்யும் இரட்டை வில்லை) இருந்தால் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி நீல ஒளிவட்டம் வரும். புறஊதா, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று ஓரளவு அடக்கும்.

கடைக்காரர் சொல்வதில் நியாயமே இல்லையா? ஓரிடத்தில் உண்டு. நெபுலாக்களின் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் தடுக்கும் குறும்பட்டை வடிகட்டிகள் நம் ஊர் வெளிச்சத்துக்கு நல்ல மருந்து. ஆனால் அவை வானத்தின் ஒளியையே பெருமளவு வெட்டிவிடுவதால், மேலே சொன்ன சலுகை போய்விடும்; ஒவ்வொரு படத்தையும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீட்டத் தோன்றும். அந்தக் கட்டத்தில் ஆல்ட்-அசிமுத் திணறும். அந்த ஆசை உங்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தால், அப்போதும் அவர் காட்டிய இரும்பு மலையை வாங்க வேண்டியதில்லை. எடைக்கல் தேவைப்படாத ஹார்மானிக் வகை மவுண்டுகள் வந்துவிட்டன. இசட்டபிள்யூஓ-வின் ஏஎம்5 ஐந்து கிலோ எடையில் பதின்மூன்று கிலோ தாங்குகிறது. ஈக்வடோரியலாகவும் ஆல்ட்-அசிமுத்தாகவும் மாற்றிக்கொள்ளலாம். அதன் சாய்வு பூஜ்யம் டிகிரி வரை இறங்கும். விலை உங்கள் தொகைக்கு மேல். இன்று அதற்காகக் கடன்பட வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒதுக்க மாட்டேன். சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கிக்குள் இருப்பதும் ஆல்ட்-அசிமுத் மவுண்டுதான். இரண்டரைக் கிலோ எடையில் கேமரா, வடிகட்டி, பனி படியாமல் காக்கும் சூடேற்றி எல்லாம் அடக்கம். வெளியே வைத்துவிட்டுச் சோபாவில் அமர்ந்து கைப்பேசியில் பார்க்கலாம். பணி முடிந்த களைப்பில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தவே தெம்பு இருக்கும் என்றால் அவர் சொல்வதே சரி, வாக்குவாதத்தை இன்றே முடித்துக்கொள்ளுங்கள். அதன் வில்லை 50 மில்லிமீட்டர், உங்களிடம் இருப்பது 80. ஒளி சேர்க்கும் பரப்பில் இரண்டரை மடங்கு. கேமராவையும் குழாயையும் பின்னாளில் மாற்றலாம் என்பதும் உங்கள் வழியின் ஆதாயம். ஆனால் கேபிள், மடிக்கணினி, மென்பொருள் என்று முதல் நான்கைந்து இரவுகள் கற்பதிலேயே போகும். அந்தக் கற்றலில் உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்பதை நான் சொல்ல முடியாது. கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இருக்கிறது என்றே படுகிறது. ஸ்மார்ட் தொலைநோக்கியை ஈக்வடோரியல் முறையிலும் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் கேட்காதீர்கள். நம் அட்சரேகையில் அதைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். முக்காலியோடு சேர்ந்து விழுந்த ஒன்றை நான் ஒட்டவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பயன்படுத்தாத நாள்களில் குழாயையும் கேமராவையும் உலர் அலமாரியில் வையுங்கள், ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு. இந்த ஊரில் வில்லையில் பூஞ்சை பிடிக்கச் சில மாதங்கள் போதும். தம்பி விட்டுப்போனதிலிருந்து அந்தக் குழாய் எங்கே இருந்தது? கைவிளக்கை உள்ளே அடித்துச் சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிகிறதா என்று மவுண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.

அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். மவுண்டுக்கு வைஃபை போதும். கேமராவுக்கு கேபிள் வேண்டும், அது மூன்று மீட்டருக்கு மேல் நீண்டால் தகராறு செய்யும். மடிக்கணினியை வாசலை ஒட்டி உள்ளே வைத்து, அங்கிருந்து கூடத்துத் தொலைக்காட்சிக்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள். அவர் தன் நாற்காலியிலேயே இருக்கலாம். நெபுலாவில் தொடங்காமல் கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் தொடங்குங்கள். ஆறு பெண்களும் உங்கள் கேமராச் சட்டத்துக்குள் ஒன்றாக அடங்குவார்கள். நவம்பர் பிற்பகுதியில் இரவு ஒன்பது மணிக்கு வடகிழக்கில் 30 டிகிரி உயரத்தில், எதிர் புளோக்கைச் சற்றே தாண்டி நிற்பார்கள். கார்த்திகை தீபத்தன்று மட்டும் வேண்டாம், அன்று முழு நிலவே அவர்கள் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடும். பத்து நாள் முன்னதாக, மழை விட்ட ஓர் இரவில் பாருங்கள். ஒவ்வொரு படமும் எட்டு விநாடி.